அல்லது

நகர மண்டபத்தின் மூன்றாம் மாடியில்
மின்விசிறிக்கு எதிரே என் மேசை.
பறக்காமலிருக்கப் பழைய சுற்றுநிருபங்களின் மேல்
ஒரு பூட்டு வைத்திருக்கிறேன்.
சாவி யாரிடமென்று தெரியாது.

இன்று வந்திருப்பது
உள்ளூர் வர்த்தக ஊக்குவிப்புத் திட்டம்,
திருத்தப்பட்டது, பதினொரு பக்கம்,
நாலு மணிக்குள் தமிழில் வேணுமாம்.

முதல் திட்டத்தையும் நான்தான் தமிழாக்கினேன்.
முகப்புக்கு ஒரே நிறம் பூசினால்
சோலைவரியில் நாற்பது வீதம் கழிவு என்றது அது.
காலி வீதியின் கண்ணாடிக் கதவுக் கடைகள்
ஒரே கிழமையில் பூசி முடித்தன.
கொட்டாஞ்சேனையில் இடியப்பம் அவித்துக் கொடுக்கும் மரியநாயகி
போமை என் முன்னால் விரித்து,
"முகப்பு எண்டா என்ன தங்கச்சி, குசினி யன்னலா?" என்றாள்.
அந்தச் சொல்லைப் போட்டவள் நான் என்று
சொல்லவில்லை.

ஆகவே திருத்தம்.
குழு ஏழு தடவை கூடியது.
ஏழு தடவையும் பற்றிஸ் வந்தது.
ஐந்தாம் கூட்டத்தில்
"உள்ளூர்" என்றால் யார் என்று கேட்டார்களாம்.
கதவிலக்கம் உள்ளவர் என்றார் ஒருவர்.
தோட்டத்து வீடுகளில் அந்த இலக்கம்
நூற்றிப் பதினெட்டின் கீழ் இருபத்தேழு,
அதன் கீழ் ஆ, அதன் கீழ் இரண்டு என்று
படியிறங்கிப் போகிறதே என்றார் இன்னொருவர்.
கூட்டறிக்கையில்
"கலந்துரையாடப்பட்டது" என்று மட்டும் இருக்கிறது.

நாலாம் பிரிவில் நின்றுவிட்டேன்.
பத்தடி முகப்பு இருக்க வேண்டும்.
மூன்று வருட வரிச் சிட்டை இருக்க வேண்டும்.
இரண்டுக்கும் நடுவில்
இரண்டாம் பக்கத்தில் "சஹ" என்றிருக்கிறது,
ஒன்பதாம் பக்க அட்டவணையில் "ஹோ".
சிங்களத்தில் ஒன்று இரண்டெழுத்து, மற்றது ஓரெழுத்து.
தமிழில் இரண்டுக்கும் நான்கெழுத்து:
மற்றும். அல்லது.
விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன்.

மற்றும் என்றால் மரியநாயகி இல்லை.
புதுக்கடையில் நீதிமன்றத்துக்கு எதிரே
மாடிப்படியின் கீழ் போட்டோகொப்பி மெஷின் வைத்திருக்கும்
நிஸ்தார் நானா இல்லை;
அவருடைய முகப்பு மூன்றரை அடி,
மழை பெய்தால் அதிலும் பாதி.
அல்லது என்றால் இருவரும் உண்டு,
கண்ணாடிக் கதவுகளும் உண்டு.

பைலைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கினேன்.
உதவிச் செயலாளர் கொடிதுவக்கு
மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
இரண்டு பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.
"குழு எதைச் சொன்னது, மிஸ்?"
"நான் குழுவில் இல்லையே சேர்."
"நானும் அன்றைக்கு லீவு."
யன்னலுக்கு வெளியே பூங்கா மரங்களில்
வௌவால்கள் தலைகீழாய்த் தொங்கின.
யாருக்கோ போன் எடுத்தார்; அந்த யாரோ
இன்னொருவரைச் சொன்னார்; அவர்
கண்டிக்குப் போயிருந்தார்.
கடைசியில், "அட்டவணையைத் திரும்ப அடிக்க
டைப்பிஸ்ட் இல்லை" என்று
சிவப்புப் பேனையால்
இரண்டாம் பக்கத்துச் சஹவை வெட்டினார்.

அவ்வளவுதான்.
இதற்கு நீதி என்று பெயர் வைக்க
எனக்கு வாய் வரவில்லை.
மேலே வந்து நான்கெழுத்தையும்
ஒவ்வொன்றாக அடித்தேன்.

மூன்று கிழமை கழித்து
சத்தியக்கடதாசி ஒன்று முடிக்கப் புதுக்கடைக்குப் போனபோது
நானாவின் படிக்கட்டுக்குக் கீழே வரிசை.
விற்பனைக்கு என் தமிழ்,
கொஞ்சம் மை மங்கி,
நாலு பக்கம் அறுபது ரூபா,
விண்ணப்பத்தோடு எண்பது.
"நல்ல திட்டம் மகள், இந்தக் கிழமை மட்டும்
முந்நூறு செட் போயிட்டு."
"நீங்க போட்டீங்களா நானா?"
"எங்க நேரம்?
மெஷின விட்டுட்டுப் போய் வரிசையில நிக்கவா?"

ஒரு செட்டைப் புரட்டினேன்.
நீளக் கடதாசியை அவர் ஏ-ஃபோரில் எடுத்திருந்தார்.
ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் நான் அடித்திருந்த
"முரண்பாடு ஏற்படின் சிங்களப் பிரதியே மேலோங்கும்"
எந்தப் பக்கத்திலும் விழவில்லை.

எண்பது ரூபாவை எண்ணிக் கொடுத்து
மரியநாயகிக்கு ஒன்று வாங்கினேன்.